அடிக்க ஆளில்லாத நாய் சேகர்

2022 டிசம்பர் 9 அன்று வெளியான 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' படத்தைத் திட்டி எழுதுவது எளிது. அந்த வாரமே எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். வடிவேலுவுக்கு வயதாகிவிட்டது என்றார்கள், பழைய குழு கூட இல்லை என்றார்கள், டைமிங் போய்விட்டது என்றார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. என் கவனத்தில் தங்கியது வேறு. பெரிய நடிகரின் படம் தோற்றால் ரசிகனுக்குக் கோபம் வரும், எதிர்முகாமுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். இந்தப் படத்துக்கு இரண்டுமே இல்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பதைப் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

அந்த வருத்தத்துக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு இருந்தது. 2011 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்காக ஊர் ஊராகப் போய் விஜயகாந்தை எதிர்த்துப் பேசினார் வடிவேலு. திமுக ஆட்சியை இழந்தது, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார், வடிவேலுவுக்குப் படங்கள் நின்றுபோயின. 2014இல் 'தெனாலிராமன்', 2015இல் 'எலி' என இரண்டு முறை நாயகனாகத் திரும்பிவந்தார், இரண்டும் எடுபடவில்லை. 2017இல் 'சிவலிங்கா', 'மெர்சல்' படங்களோடு மறுபடியும் ஓர் இடைவெளி. 'இம்சை அரசன் 24ஆம் புலிகேசி' பாதியில் நின்ற தகராறு தயாரிப்பாளர் சங்கம் வரை போய், 2021 ஆகஸ்டில்தான் தீர்ந்தது.

அவர் நடிக்காத அந்த ஆண்டுகளில்தான் அவர் எங்கும் நிறைந்திருந்தார். ஆதித்யா, சிரிப்பொலி தொலைக்காட்சிகள் அவரை வைத்தே பொழுதை ஓட்டின. 2013இல் வந்த 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' படத்துக்குப் பெயர் கொடுத்தது, பத்து ஆண்டுக்கு முன் 'வின்னர்' படத்தில் வடிவேலுவின் கைப்புள்ள நடத்திய சங்கம். 2015இல் வந்த 'நானும் ரவுடிதான்' என்ற தலைப்பு, 'தலைநகரம்' படத்தில் நாய் சேகராக அவர் பேசிய வசனம். 2019 மே மாதம், மோடி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்ற அதே நாட்களில், 2001இல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தின் காண்டிராக்டர் நேசமணிக்காக உலகமே இணையத்தில் பிரார்த்தனை செய்தது. சுத்தியல் தலையில் விழுந்து பதினெட்டு ஆண்டு கழித்து! கடைசியில் சேகராக அவரே திரும்பிவரும்போது, 'நாய் சேகர்' என்ற தலைப்பு கைக்குக் கிடைக்கவில்லை. 2022 ஜனவரியிலேயே சதீஷ் நாயகனாக நடித்த படத்துக்கு அது போய்விட்டிருந்தது. தன் பாத்திரத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு 'ரிட்டர்ன்ஸ்' ஒட்டிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

இந்தத் தோல்வியை ஒரு தனிமனிதரின் சரிவாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழில் நகைச்சுவை நடிகர் நாயகனாகும்போது திரும்பத் திரும்ப நேரும் ஒன்று இங்கேயும் நேர்ந்தது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பக்கத்து மேடையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் அரிமளம், புதுக்கோட்டைக்குத் தெற்கே திருமயம் வட்டத்தில் இருக்கிறது. மது எடுப்பு, முளைப்பாரி என்று கோயில் திருவிழா வந்தால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றும் நாடகம் வைப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகம், பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. (சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக இசையில் ஆழ்ந்து உழைத்த இசைத்தமிழ் ஆய்வாளர் பத்மநாபன் பெயருக்கு முன்னால் அரிமளம் என்றே போட்டுக்கொள்பவர் என்பதில் ஊருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.) ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் கதை தெரியும், பாட்டு தெரியும், அவரவர் இடம் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை போகும்.

முதலில் மேடைக்கு வருகிறவர் பபூன். முருகனும் வள்ளியும் நாரதரும் வருவதற்கு முன்னால் கூட்டத்தை உட்காரவைப்பது அவர் வேலை. தனியாக நின்று பேசுவார், பாடுவார், பிறகு டான்ஸ்காரப் பெண் வந்ததும் இருவருமாக அடிக்கும் கூத்து. தனியாக நின்று பேசும்போதும் அவர் தனியாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அவருக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பபூன் ஒரு புளுகு விடுவார், ஆர்மோனியக்காரர் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்பார், அந்தக் கேள்வியில் பபூனின் வேட்டி அவிழும். நாடகத்து நோட்டீஸில் பபூன் பெயரும் படமும் பெரிதாகவே போட்டிருப்பார்கள். நல்ல பபூன் வருகிறார் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தும் கூட்டம் வரும். அப்படிப்பட்டவரும் அந்த ராத்திரியில் ராஜபார்ட் ஆவதில்லை. ராஜபார்ட் வருவதற்குள் தன் பங்கை முடித்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். இந்த மேடையை ஆய்ந்து 2005இல் புத்தகம் எழுதிய அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சீஸர், பபூன் காட்சிகளுக்கு நிறைய பக்கம் ஒதுக்கியிருப்பது சும்மா இல்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத எல்லாவற்றையும் ஊர் அந்த ஒருவர் வாயில் போட்டுக் கேட்டுக்கொள்கிறது. அவர் தன்னைத் தாழ்த்திக்கொள்வதுதான் அதற்கு அவர் கொடுக்கும் ஜாமீன்.

தமிழ் சினிமாவின் காமெடி ட்ராக் இந்த மேடையிலிருந்து வந்தது. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் 1930களிலேயே தன் பகுதியைத் தானே தயாரித்துக்கொண்டு வந்து படத்தில் சேர்த்தார். கதை ஒரு பக்கம் போகும், கலைவாணர் இன்னொரு பக்கம் போவார், நடுவில் எங்கேயோ இரண்டும் தொட்டுக்கொள்ளும். இந்த ஏற்பாடு எழுபது ஆண்டுக்கும் மேல் தாக்குப்பிடித்தது. 1989இல் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடியை எழுதிய ஏ. வீரப்பன் போன்றவர்களின் தொழிலே இதுதான். கால்ஷீட்டைத் தனியாக வாங்கி, காமெடியைத் தனியாக எழுதி, தனியாக எடுத்துக் கோர்ப்பார்கள்.

வடிவேலு இந்த வீட்டின் கடைசிப் பெரிய வாரிசு. மதுரைக்காரர். 1991இல் ராஜ்கிரண் தயாரித்த 'என் ராசாவின் மனசிலே' படத்தில் கவுண்டமணி, செந்திலோடு அறிமுகமானார். அடுத்த ஆண்டே 'தேவர் மக'னில் கையை இழக்கும் இசக்கி. அவருடைய சிறந்த ஆண்டுகள் என்று ஊர் நினைப்பது ஏறத்தாழ 2001 முதல் 2008 வரை. நேசமணி, கைப்புள்ள, 'கிரி'யின் வீரபாகு, 'சந்திரமுகி'யின் முருகேசன், நாய் சேகர், 'போக்கிரி'யின் பாடி சோடா, 'மருதமலை'யின் என்கவுன்டர் ஏகாம்பரம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இல்லாத அதிகாரத்தை இருப்பதாக அறிவித்துக்கொள்வார்கள். அறிவித்த மறு நிமிடம் நிஜமான அதிகாரம் எதிரே வந்து நிற்கும். அடி விழும். அடி வாங்கிய பிறகும் அறிவிப்பை வாபஸ் வாங்க மாட்டார்கள். கைப்புள்ளைக்குக் கோடு உண்டு, கோட்டைத் தாண்டி வரக்கூடாது என்ற சட்டம் உண்டு, அதை மீறிக் கட்டதுரை வருவதும் உண்டு.

கட்டதுரையாக நடித்த ரியாஸ் கான் சிரிக்கவே மாட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். 'தலைநகர'த்தில் சுந்தர் சி. முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. 'மருதமலை'யில் அர்ஜுன் கதாநாயகத் தோரணை கலையாமல் கூடவே நிற்பார். நடிப்பு வராதவர்கள் என்று நாம் கிண்டல் செய்த நாயகர்கள் பலர், வடிவேலுவுக்குப் பக்கத்தில் நின்ற அந்த இருபது நிமிடத்தில் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள். ஆர்மோனியக்காரர் செய்யும் உபகாரம்தான் அது. அவர்கள் கல்லாக நின்றதால்தான் இவர் அதில் முட்டிக்கொள்ள முடிந்தது.

2006இன் சேகரை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 'தலைநகரம்' படத்தின் நாயகன் ரைட் நிஜமான ரவுடி, அதை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறான். சேகர் ரவுடியே இல்லை, எப்படியாவது அதற்குள் நுழையப் பார்க்கிறான். போலீஸ் ஜீப்பில் யாரும் ஏற்றாமலே தானாக ஏறி உட்கார்ந்து, தன்னையும் ரவுடி என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி ஊரைக் கெஞ்சுகிறான். அந்தக் காட்சியில் சிரிப்புக்கு அடியில் ஓர் ஏக்கம் ஓடுகிறது. எதிலும் சேர்த்துக்கொள்ளப்படாத ஒருவன், கெட்ட பெயரிலாவது இடம் கேட்கிறான்.

2022இன் சேகரையும் அதே இயக்குநர் சுராஜ்தான் எடுத்தார். இவன் நாய்களைக் கடத்திப் பணம் பறிக்கும் கும்பலின் தலைவன், நிஜமான திருடன். ரெடின் கிங்ஸ்லி முதலான உதவியாளர்கள் அவன் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். போன தடவை பட்டமாக ஒட்டியிருந்த 'நாய்' இந்தத் தடவை தொழிலாகிவிட்டது. குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் கொண்டுவந்த நாயை வேலைக்காரன் திருடிக்கொண்டு போய்ப் பணக்காரனானான், அதை மீட்க ஐதராபாத் போகிறான் சேகர். அதாவது இவனுக்கு இழந்த சொத்து இருக்கிறது, நியாயம் இருக்கிறது, லட்சியம் இருக்கிறது. அறிமுகத்துக்கு ஒரு தோரணை, பிரபுதேவா ஆட்டம் அமைக்க வடிவேலுவே பாடிய 'அப்பத்தா' பாட்டு. ராஜபார்ட்டுக்கு உரிய அத்தனையும் கொடுத்துவிட்டார்கள். எதிரே நிற்கும் தாதாவாக வரும் ஆனந்தராஜோ இப்போதெல்லாம் காமெடி வில்லன். அவரும் சிரிக்க வைக்கத்தான் நிற்கிறார். மோதிக்கொள்ளக் கல் இல்லை. எல்லோரும் பபூன்களாக நிற்கும் மேடையில் ஒருவருக்கும் வேட்டி அவிழவில்லை.

அப்படியானால் 2006 ஜூலையில் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' எப்படி ஓடியது? அங்கே அவர் சாட்சாத் அரசனாயிற்றே? அரசன்தான், ஆனால் ஆட்சி மாமன் சங்கிலிமாயன் கையில். நாசர் முகத்தில் ஒரு துளி நகைச்சுவை காட்டாமல் செய்த பாத்திரம் அது. அவருக்கும் மேலே வெள்ளைக்காரன். கிரீடம் வைத்த கைப்புள்ளதான் புலிகேசி. வீரமும் விவேகமும் எல்லாம் இரட்டைச் சகோதரனுக்கு. பபூனையும் ராஜபார்ட்டையும் ஒரே நடிகருக்குக் கொடுத்தாலும் இரண்டையும் கலக்காமல் பிரித்துவைத்தார் சிம்புதேவன். விகடனில் கார்ட்டூன் போட்டவர் என்பதால், ஒரு கோட்டில் ஒரு கேலி என்கிற சிக்கனம் அவருக்குத் தெரிந்திருந்தது. அக்காமாலாவும் கப்ஸியும் ஜாதிச் சண்டைக்கென்று கட்டப்படும் மைதானமும் வடிவேலுவின் முகச்சேட்டையை நம்பி எழுதப்பட்டவை அல்ல. காகிதத்தில் படித்தாலே சிரிப்பு வரும். முழுநீளப் படத்தை ஒரு காமெடி நடிகர் தாங்க வேண்டுமென்றால் முதலில் அது காகிதத்தில் நிற்க வேண்டும்.

புலிகேசி ஓடியதும் எல்லோரும் பிடித்துக்கொண்டது மீசையையும் பட்டாடையையும். 2008இல் தம்பி ராமையா இயக்கிய 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' படத்தில் நாடகக்காரன், எமன் என்று ஒன்றுக்கு மேற்பட்ட வேடம். எமனும் வடிவேலு, அவனிடம் மாட்டிக்கொள்பவனும் வடிவேலு என்றால் யார் யாரைப் பார்த்துப் பயப்படுவது? 'தெனாலிராமன்' படத்திலும் அரசனும் விகடகவியும் அவரே. தெனாலிராமன் புத்திசாலி, கடைசியில் ஜெயிப்பவன். வடிவேலு ஜெயிப்பதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்ததில்லை. 'எலி' 1960களில் நடக்கும் கதை. கடத்தல் கும்பலுக்குள் போலீஸ் அனுப்பும் ஒற்றன். நல்ல சிறு திருடன் ஒருவன் பெரிய திருடர்களிடம் நடுங்கியிருக்க வேண்டிய இடம். படத்துக்கு அவசரம், சீக்கிரமே அவனை வீரனாக்கிவிட்டது.

வடிவேலுவுக்கு முன்பும் இந்தப் பாதையில் போனவர்கள் உண்டு. என்.எஸ்.கே. 1949இல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் நாயகனானார். மக்கள் மனதில் நின்றது அதில் வந்த 'கிந்தனார்' காலட்சேபம், அதாவது படத்துக்குள் இருந்த ட்ராக். சந்திரபாபு 1966இல் தானே இயக்கி நடித்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' அவரை எழுந்திருக்க முடியாமல் ஆக்கியது. அது நகைச்சுவைப் படமே அல்ல என்பதால் இந்தக் கணக்கில் முழுதாக வராது. விவேக்கின் 'நான்தான் பாலா'வும் அப்படியே.

நாகேஷ் விதிவிலக்கு என்பார்கள். எனக்கு அவர்தான் விதியின் சாட்சி. 'சர்வர் சுந்தர'த்தில் ஓட்டல் சர்வர், பெரிய நடிகனான பிறகும் விரும்பிய பெண் கிடைக்காதவன். 'எதிர்நீச்ச'லில் மாடிப்படிக்கு அடியில் படுத்துறங்கி, குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்யும் மாது. பாலசந்தர் அவரை நாயகனாக்கினாரே தவிர, படியில் மேலே ஏற்றவில்லை. 'திருவிளையாடல்' தருமியோ கேட்கவே வேண்டாம். எதிரே சிரிக்காமல் நிற்பவர் சிவாஜி, அதுவும் சிவபெருமானாக. தமிழ் சினிமாவில் ஒரு காமெடி நடிகருக்கு வாய்த்த மிக உயரமான சுவர் அதுதான்.

கவுண்டமணியின் கதை வேறு மாதிரி. அவர் அடி வாங்குபவர் அல்லர், உதைப்பவர். ஆனால் உதைத்த பிறகும் செந்திலிடம் தோற்பவர். அந்த வாழைப்பழ வாதத்தில் கடைசிவரை ஜெயித்தது செந்தில்தான். பல ஆண்டு கழித்து 2015இல் '49-ஓ', அடுத்த ஆண்டு 'எனக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது' என்று நாயகனாக வந்தபோது, அவரை மதிக்கும் இளைஞர்கள் சூழ்ந்திருந்தார்கள். மதிப்புதான் கெடுத்தது. '49-ஓ'வில் அவர் விவசாயிகளுக்காகப் பேசும் பெரிய மனிதர். யாரையும் மதிக்காததால் நமக்குப் பிடித்தவரை, எல்லோரும் மதிக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். அவருக்காக முன்பே காமெடி எழுதிய சாய் ராஜகோபால் 2025இல் இயக்கிய 'ஒத்த ஓட்டு முத்தையா'வின் பெயரிலேயே ஒரு தோல்வி இருந்தது, நல்ல விதை. அதே ஒற்றை ஓட்டை வைத்து 2021இல் மடோன் அஷ்வின் எடுத்த 'மண்டேலா' எங்கேயோ போய்விட்டது. ஊரே இளிச்சவாயன் என்று கூப்பிடும் முடி திருத்துபவன், அவன் கையில் ஜெயிக்கப் போகிறவரைத் தீர்மானிக்கும் ஓட்டு. யோகி பாபு அதில் முகச்சேட்டை ஏதும் செய்யவில்லை, அடக்கமாக இருந்தார். அவரைச் சுற்றியிருந்த ஊர் அவ்வளவு நிஜமான அதிகாரத்தோடு இருந்ததால் அது போதுமாக இருந்தது. தேசிய விருதும் வாங்கிய அந்தப் படம் நேராகத் தொலைக்காட்சியில் வந்தது என்பது வேறு வயிற்றெரிச்சல்.

சந்தானத்துக்கு விஷயம் சீக்கிரம் புரிந்தது என்று நினைக்கிறேன். நண்பனாக நின்று நாயகனையே கலாய்த்தவர், தானே நாயகனான பிறகு யாரைக் கலாய்ப்பது? சில படங்கள் தடுமாறினார். 2016இல் 'தில்லுக்கு துட்டு'வில் பேய் கிடைத்தது. பேய்க்கு நாயகன் என்று பார்க்கத் தெரியாது, பில்டப் ஷாட் வைத்தாலும் அடிக்கும். 2023இல் 'டிடி ரிட்டர்ன்ஸ்' ஓடியதற்குக் காரணம் அதுவே.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய வடிவேலு என்று நாம் ஒப்பிடுவது யாரை? நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து தொலைக்காட்சியும் மீம் போடுபவர்களும் வடிகட்டி எடுத்த சில மணி நேரத்தை. 2001க்கும் 2008க்கும் இடையிலும் சிரிப்பு வராத வடிவேலு ட்ராக்குகள் ஏராளம். பெண்களையும் கறுப்பு நிறத்தையும் உடல் குறையையும் கேலி செய்தவை, அடியைத் தவிர வேறொன்றும் இல்லாதவை, ஒரே காட்சியை வேறு சட்டையில் எடுத்தவை. அவற்றை யாரும் மறுஒளிபரப்புவதில்லை. கைப்புள்ள வரும் காட்சிகளை நூறு முறை பார்த்த எத்தனை பேர் 'வின்னர்' படத்தின் கதையைச் சொல்ல முடியும்? அந்தக் காலத்தில் ட்ராக் சரியில்லை என்றால் படத்தில் வேறு ஏதாவது இருக்கும். சண்டை இருக்கும், பாட்டு இருக்கும், எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். நாயகனாகிவிட்டால் டீ குடிக்கப் போக இடமில்லை. 'நாய் சேகர் ரிட்டர்ன்'ஸிலும் இருபது நிமிடம் தேறும். மீதியை மறைக்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

அவர் திரும்பிவந்தபோது அவர் குடியிருந்த அறையையே இடித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2012இல் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்', 2013இல் 'சூது கவ்வும்' என்று காமெடி நடிகரே இல்லாத நகைச்சுவைப் படங்கள் வந்துவிட்டன. கதையோடு ஒட்டாத ட்ராக்கை யாரும் எழுதுவதில்லை, எழுதத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். வடிவேலுவைச் சுற்றி நின்ற சிங்கமுத்து, முத்துக்காளை, அல்வா வாசு, போண்டா மணி போன்றவர்களின் கூட்டம் கலைந்துபோனது. அவர்களில் அல்வா வாசுவும் போண்டா மணியும் இப்போது உயிரோடு இல்லை. அவர்களைத் துணை நடிகர்கள் என்று சொல்வது போதாது. எப்போது குறுக்கே பேச வேண்டும், எப்போது வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று பல வருடம் கூடவே நின்று பழகியவர்கள். ஹாலிவுட்டில் பஸ்டர் கீட்டனுக்கு நடந்ததும் இதுதான். 1928இல் தன் சொந்த ஸ்டுடியோவை விட்டு எம்.ஜி.எம். நிறுவனத்துக்குப் போனார். கூட இருந்து சிரிப்பு யோசித்துக் கொடுத்தவர்கள் சிதறினார்கள், தன்னிஷ்டத்துக்குப் படம் எடுக்கும் உரிமை போயிற்று. 1933இல் வேலையை விட்டே அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆகவே வயதைக் காரணம் காட்டுபவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

வயது ஒரு காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நாற்பது வயதுக்காரர் அடி வாங்கி உருள்வதைப் பார்த்துச் சிரித்தோம். அறுபதைத் தாண்டியவர் விழும்போது தியேட்டரில் சிலருக்குப் பதறுகிறது. அந்தப் பதற்றத்தை மாரி செல்வராஜ் பிடித்துக்கொண்டார். 2023 ஜூன் 29இல் வந்த 'மாமன்னன்' படத்தில், தனித் தொகுதி எம்.எல்.ஏ. ஒருவர் தன் கட்சியின் மேல்சாதிப் பிரமுகர் முன்னால் உட்கார முடியாமல் நிற்கிறார். 'தேவர் மக'னின் இசக்கியிலிருந்தே தன் மாமன்னன் பிறந்தான் என்று மாரி செல்வராஜ் வெளிப்படையாகச் சொன்னார். வடிவேலு அதில் புதிதாக எதையும் செய்யவில்லை என்பது என் எண்ணம். மேலே ஒருவன், கீழே இவர், நடுவில் இல்லாத ஒரு கௌரவம் என்று முப்பது வருடமாக அவர் நின்ற அதே இடம்தான். சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு தெரிந்தது, நாம் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று. எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள் அதிகம், விவாதித்தவர்கள் குறைவு. பபூன் ராத்திரி சொல்வதைக் காலையில் யாரும் திருப்பிச் சொல்வதில்லை.

மலையாளத்தில் இந்தக் கதவு முன்பே திறந்தது. சலீம் குமாருக்கு 'ஆதாமின்டெ மகன் அபு', இந்திரன்ஸுக்கு 'ஹோம்'. தமிழில் சூரிக்கு 'விடுதலை' திறந்துகொடுத்தது, அவர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருக்கிறார். வடிவேலுவால் அப்படிப் போக முடியவில்லை. 'மாமன்னன்' வந்த மூன்றே மாதத்தில் 'சந்திரமுகி 2'இல் மறுபடி பழைய முருகேசன். பாவமாக இருந்தது. 2025 ஏப்ரலில் சுந்தர் சி.யோடு 'கேங்கர்ஸ்'. பக்கத்தில் பழைய கல்முகம் வந்து நின்றதும் சில காட்சிகளில் பழைய தாளம் திரும்பியது, தியேட்டரில் சத்தமும் வந்தது. அதில் அவர் நாயகன் அல்ல என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஜூலையில் வந்த 'மாரீசன்' விசித்திரமான படம். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஞாபகம் தப்பிய பெரியவராக வடிவேலு, அவரிடம் திருடப் பின்தொடரும் ஃபஹத் ஃபாசில். பாதிப் படம் வரை இவர் ஏமாறப் போகிறார், அடி வாங்கப் போகிறார் என்றே நம் பழக்கம் எதிர்பார்க்கிறது. பிறகு தெரிகிறது, ஞாபக மறதி வேஷம், குழந்தைகளைச் சீரழித்தவர்களைத் தேடிக் கொன்றுகொண்டிருப்பவர் இவர். முப்பது வருடம் அடி வாங்கிய உடம்பு திருப்பி அடிக்கிறது. நடிப்பில் குறை சொல்ல முடியாது. தியேட்டரில் கூட்டம் பெரிதாக இல்லை. கைப்புள்ள யாரையாவது கொல்வான் என்று நம்புவதற்கு ஊருக்கு இன்னும் மனம் வரவில்லை.